வழி சொல்லாத வைத்திய நூல்கள்

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய புத்தகக் கடைகளிலும், கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் பூஜைச் சாமான்களோடு பஞ்சாங்கமும் விற்கிற கடைகளிலும், சித்த வைத்தியம், மூலிகை வைத்தியம், பாட்டி வைத்தியம் என்னும் தலைப்புகளில் அடுக்கி வைத்திருக்கும் சிறு புத்தகங்களைச் சற்று நேரம் நின்று புரட்டிப் பார்க்கிற பழக்கமுள்ள எவருக்கும் ஒரு விஷயம் விரைவில் புலப்பட்டுவிடும். அதே குடிநீர், அதே சூரணம், அதே தைலம், பல இடங்களில் அதே வாக்கியம், அதே அச்சுப்பிழை. மேலட்டையில் மட்டும் வேறு வேறு பெயர். இதைக் குறித்து நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. பல்கலைக்கழகத்தில் பயின்று ஆய்வேடு எழுதிய இளைஞர்கள் இதை எழுத்துத் திருட்டு என்கிறார்கள். பரம்பரை வைத்தியர்களோ, இது முன்னோர் தேடி வைத்த சொத்து, யார் பெயரில் அச்சானால் என்ன, அழியாமல் இருந்தால் போதும் என்கிறார்கள். முன்னவர் கூற்றை அப்படியே ஒப்புக்கொண்டால் நம் வைத்திய இலக்கியத்தின் சரித்திரம் முழுவதையும் ஒரு குற்றப்பத்திரிகையாக வாசிக்க நேரும். பின்னவர் கூற்றை அப்படியே ஒப்புக்கொண்டால் நோயாளியின் உயிரை ஊர்பேர் தெரியாத எழுத்தின் கையில் ஒப்படைக்க நேரும். வைத்திய நூலில் பிறர் எழுதியதைப் பெயர்த்தெழுதுவதில் குற்றமில்லை, பல சமயங்களில் அது கடமையும் ஆகும்; எங்கிருந்து பெயர்த்தோம் என்பதை மறைப்பதே குற்றம் என்பது என் துணிபு. இந்தப் பேதத்தை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு அவர்களுடைய நூல்களே சாட்சி.

பனையோலைக்கு ஆயுள் உண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த தேசங்களில், கறையானுக்கும் பூச்சிக்கும் தப்பிய ஏடுகூட முந்நூறு ஆண்டுகளைத் தாண்டுவது அபூர்வம். ஆகவே இன்று நம் கைக்கு வந்திருக்கும் பழைய வைத்திய நூல் எதுவாயினும், தலைமுறைதோறும் யாரோ ஒருவர் எழுத்தாணியைப் பிடித்துப் பொறுமையோடு பெயர்த்தெழுதியதன் பயனாகவே பிழைத்து வந்திருக்கிறது. அப்படி எழுதியவர்கள் ஏட்டின் கடைசியில் வருஷம், மாதம், தேதி ஆகியவற்றைக் குறித்து, இன்னாருடைய ஏட்டைப் பார்த்து இன்னார் எழுதி முடித்தது என்று ஒரு வரி சேர்ப்பதும், எழுத்துப் பிழை கண்டால் பொறுத்துத் திருத்திக்கொள்ளும்படி வாசிப்போரை வேண்டிக்கொள்வதும் உண்டு. அந்த ஒரு வரிதான் பெயர்த்தெழுதியவரைத் திருடரிடமிருந்து பிரித்துக் காட்டுகிற எல்லைக்கோடு.

வடமொழி ஆயுர்வேத கிரந்தங்களில் இந்த ஒழுக்கம் இன்னும் விரிவாகக் காணப்படுகிறது. சரக சம்ஹிதை என்று நாம் ஒரே பெயரால் வழங்கும் நூல் ஒருவர் செய்ததன்று. அக்கினிவேசர் இயற்றியதைச் சரகர் திருத்தி அமைத்தார். அதிலும் சிகிச்சைப் பகுதியில் 17 அத்தியாயங்களும், கற்ப ஸ்தானமும் சித்தி ஸ்தானமும் கிடைக்காமற் போனபோது, பல நூல்களிலிருந்து திரட்டி அவற்றை நிரப்பினவர் த்ருடபலர். தாம் நிரப்பியது எது என்பதை அவரே நூலில் சொல்லிவிடுகிறார். நோய்க்குறி ஆராய்ச்சிக்குப் பல நூற்றாண்டுகளாக மாணவர்கள் பாடமாக ஓதிவரும் மாதவ நிதானமோ, பெரும்பகுதி சரகர், சுசுருதர், வாக்படர் ஆகியோரின் சுலோகங்களை உள்ளவாறே எடுத்து அடுக்கிய நூல். முனிவர் பலருடைய வாக்குகளைக் கொண்டு இதைச் சுருக்கமாகச் செய்கிறேன் என்று மாதவரும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறார். இன்றைய அளவுகோலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவரை யாரேனும் திருடர் என்றால், அவர் செய்த ஒழுங்குமுறைக்கும் தேர்வுக்கும் நாம் பெரிய அநியாயம் செய்தவர்களாவோம்.

தமிழில் இதற்கு இலக்கணமே உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் முதல்நூலையும் வழிநூலையும் பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகிறது. தொகுப்பது இழிவென்றோ மொழிபெயர்ப்பது குறைவென்றோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. பின்னர் வந்த பவணந்தி முனிவர் நன்னூலில் சார்பு நூலையும் சேர்த்துக்கொண்டதோடு, சிறப்புப் பாயிரத்தில் சொல்லப்பட வேண்டிய எட்டு விஷயங்களை வரிசைப்படுத்தும்போது, நூல் செய்தவர் பெயரை முதலில் வைத்து, அடுத்தபடியாகவே அந்நூல் வந்த வழியை வைத்தார். நூலின் பெயரும், அது சொல்லும் பொருளும், அதனால் வரும் பயனும் அதற்குப் பிறகுதான். யாரை ஒட்டி எழுதினாய் என்ற கேள்விக்கு விடை சொல்லாத நூல், நம்முடைய மரபுப்படி பாயிரம் இல்லாத நூல். பழந்தமிழ் அறிவை அச்சில் கொண்டுவருவதாகச் சொல்லும் தொகுப்பாளர்கள், அந்தப் பழந்தமிழ் அறிவு விதித்த இந்த முதல் விதியை விட்டுவிட்டால், எதைப் பாதுகாக்கிறார்கள் என்று கேட்க வாசகனுக்கு உரிமை உண்டு.

கோலாலம்பூரில் வாழும் நமக்கு மற்றொரு மரபையும் பக்கத்திலிருந்தே பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. பெட்டாலிங் ஸ்திரீட்டில் சீன மருந்துக் கடையொன்றில் நுழைந்தால், சுவர் நிறையச் சின்னஞ்சிறு இழுப்பறைகளில் வேரும் பட்டையும் வகைப்படுத்தி வைத்திருப்பதைக் காணலாம். அந்த மருந்துகளின் நூல் வரலாற்றில், ஏறத்தாழக் கி.பி. 500இல் தாவோ ஹோங்ஜிங் என்ற அறிஞர் செய்த ஒரு காரியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகிறது. ஷென்னோங் பெயரால் வழங்கிய பழைய மூலிகை நூலை அவர் விரித்தெழுதியபோது, மூலநூலின் சொற்களைச் சிவப்பு மையிலும், பின்வந்த வைத்தியர்களிடமிருந்து சேர்த்தவற்றைக் கறுப்பு மையிலும் எழுதினார். அச்சு வந்து, இரண்டு நிற மை எளிதில் இயலாதபோது, மூலத்தைக் கருந்தளத்தில் வெள்ளை எழுத்தாகவும் சேர்த்ததைக் கறுப்பு எழுத்தாகவும் அச்சிட்டு அந்த வேற்றுமையைக் காப்பாற்றினார்கள். மூலநூலின் தனிப்பிரதி பிற்காலத்தில் மறைந்து போயிற்று; ஆனாலும் எது மூலம், எது சேர்ப்பு என்று குறித்து வைத்திருந்ததால், அறிஞர்கள் பின்னூல்களிலிருந்தே அதைத் திரும்பக் கோத்தெடுக்க முடிந்தது. 1,892 மருந்துச் சரக்குகளை விவரித்து 1596இல் நான்ஜிங்கில் அச்சான லீ ஷிஜென்னின் பெருநூலும், ஒவ்வொரு செய்தியும் எவரிடமிருந்து வந்தது என்பதைப் பெயரிட்டே சொல்கிறது. பெயர்த்தெழுதுதலும் நேர்மையும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு கதை ஐரோப்பாவில் நடந்தது. பதினோராம் நூற்றாண்டில், வட ஆப்பிரிக்காவிலிருந்து இத்தாலிக்கு வந்து மோன்டே கசீனோ மடத்தில் துறவியான கான்ஸ்டன்டைன் என்பவர், அரபு வைத்திய நூல்கள் பலவற்றை லத்தீனில் பெயர்த்தார். அவற்றுள் தலையாயது, பாரசீகத்தில் பிறந்த அல்-மஜூசி அரபியில் எழுதிய கிதாப் அல்-மலிக்கி. லத்தீன் நூலிலோ அல்-மஜூசியின் பெயர் இல்லை. 1127இல் அதே நூலை மறுபடியும் மொழிபெயர்த்த அந்தியோக்கியா ஸ்டீபன், ஆசிரியர் பெயரை மறைத்ததற்காகவும், நூலைச் சிதைத்ததற்காகவும் முன்னவரை வெளிப்படையாகக் கண்டித்தார். கான்ஸ்டன்டைனால் ஐரோப்பிய வைத்தியம் புத்துயிர் பெற்றது என்பதில் சந்தேகமில்லை. அந்த அறிவைக் காப்பாற்றியவர் அவரே; அதன் உரிமையாளரை மறைத்தவரும் அவரே. ஒரே மனிதர் ஒரே செயலில் இரண்டையும் செய்ய முடியும் என்பதை ஏற்றுக்கொண்டால், நம்மூர் விவாதத்தில் பாதி வெப்பம் தணிந்துவிடும். பாதுகாப்பைப் பாராட்டிக்கொண்டே மறைப்பைக் கண்டிக்கலாம்.

தமிழ் வைத்திய நூல்களில் மறைப்பு வேறொரு வடிவமும் எடுத்தது. பிறருடைய உழைப்பைத் தம் பெயரில் போட்டுக்கொண்டவர்களைவிட, தம்முடைய உழைப்பை அகத்தியர், போகர், தேரையர் பெயரில் போட்டு மறைந்து போனவர்களே அங்கு அதிகம் என்று நினைக்கிறேன். பக்தியும் குருவணக்கமும் அதற்குக் காரணமாயிருக்கலாம்; நூலுக்குப் பிரமாணம் தேட வேண்டிய அவசியமும் காரணமாயிருக்கலாம். அகத்தியர் பெயரில் வழங்கும் நூல்களில் பறங்கிப்பட்டையும் பறங்கிப்புண்ணும் பேசப்படுகின்றன. அந்த நோயும், அதற்கு மருந்தாகிய சீனத்து வேரும் போர்த்துக்கீசியர் வந்தபின் பதினாறாம் நூற்றாண்டிலேதான் நம் தேசத்தில் பரவின. அப்படியானால், புதிதாக வந்த ஒரு கொடிய நோயை உற்றுநோக்கி, புதிதாக வந்த ஒரு வேரைச் சோதித்து, மருந்து செய்முறை வகுத்து, அதைச் செய்யுளாகவும் பாடி வைத்த மகா வைத்தியர் ஒருவர் தமிழ்நாட்டில் வாழ்ந்திருக்கிறார். அவர் பெயர் என்ன, எந்த ஊர் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அவருடைய அடக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்த அடக்கத்தால் நமக்கு நேர்ந்த நஷ்டத்தை எண்ணி வருந்தாமல் இருக்க முடியவில்லை. நம் வைத்தியம் ஆதியில் ஒருநாள் முழுமையாக அருளப்பட்டு அப்படியே உறைந்து கிடக்கிறது என்ற தப்பெண்ணத்தை வளர்த்தது இந்தப் பெயர் மறைப்பே. காலந்தோறும் பார்த்து, சோதித்து, திருத்தி வளர்ந்த ஒரு சாஸ்திரமாக அதைக் காட்டக்கூடிய சாட்சிகள் எல்லாரும் ஒரே முனிவரின் பெயருக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

பெயர் சொல்லி எழுதினால் என்ன நடக்கும் என்பதையும் நம் அண்டையிலேயே காணலாம். வான் ரீட் என்ற டச்சு ஆளுநர் கொச்சியிலிருந்து தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் பெருநூலின் முதற்பாகத்தில், மூலிகை விவரம் தந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் 1675இல் எழுதிக்கொடுத்த சாட்சிப்பத்திரம் அவர் பெயரோடு அச்சிடப்பட்டிருக்கிறது. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோருடைய சாட்சியமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்து தம் மாணவர்களைக் கொண்டு நூல்கள் வெளியிட்டபோது, 1867இல் வந்த இரண வைத்தியம் ட்ரூயிட் என்பாரின் நூல் என்பதும், அதைத் தமிழாக்கினவர் டான்போர்த் என்னும் மாணவர் என்பதும் மறைக்கப்படவில்லை. இந்த மலாயாவிலேயே, 1880களில் பினாங்கில் முன்ஷி இஸ்மாயில் மொழிபெயர்த்த மலாய் வைத்திய நூலை 1930இல் கிம்லெட்டும் பர்க்கிலும் வெளியிட்டபோது, முன்ஷியின் பெயர் அதில் நிலைத்துவிட்டது. காலனி ஆட்சியின் அதிகாரிகளிடம் நமக்கு எத்தனையோ குறைகள் உண்டு. இந்த இடத்தில் அவர்களில் சிலர் நடந்துகொண்ட விதம் நம்மவர் பின்பற்றத் தக்கது.

இதெல்லாம் புலவர்களின் கௌரவப் பிரச்சினை, சாதாரண மக்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள் இருக்கலாம். கொரோனாத் தொற்றை ஒட்டி 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபின், நம்முடைய வீடுகளில் கபசுரக் குடிநீர் எந்த அளவுக்குப் பேசப்பட்டது என்பதை அவர்கள் நினைவு கூரட்டும். அது 15 சரக்குகள் சேர்ந்த மருந்து. குப்புசாமி முதலியாரும் உத்தமராயனும் தொகுத்த சித்த வைத்தியத் திரட்டில் அதன் செய்முறை இருக்கிறது. திரட்டு என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டு வந்த அந்நூல், இந்திய மருந்துச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சித்த மருத்துவத்துக்குரிய ஆதார நூல்களுள் ஒன்றாக இடம்பெற்றது. அப்பேர்ப்பட்ட ஆதாரம் இருக்க, வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த பட்டியல்களில் நூலின் பெயரைக் கண்டவர் மிகச் சிலர். அந்தப் பதினைந்தில் சிறுகாஞ்சொறி ஒன்று, சிறுதேக்கு ஒன்று. பெயர்த்தெழுதுகிறவர் கை சற்று அயர்ந்து, சிறுதேக்கில் முதல் இரண்டெழுத்து உதிர்ந்து போனால், மிஞ்சுவது நாற்காலி செய்கிற தேக்கு. நிறுத்தலளவையிலும் இதே ஆபத்து உண்டு. கழஞ்சு ஐந்து கிராமுக்குச் சற்று மேல். வராகனெடை நான்கு கிராமுக்குச் சற்று மேல். ஒன்றை மற்றொன்றாக எழுதிவிட்டால் மருந்தின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாறிவிடும். ரசமும் லிங்கமும் பாஷாணமும் சேரும் மருந்துகளில் அந்த ஐந்தில் ஒரு பங்கு என்ன செய்யும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. மூலநூல் இன்னது, பக்கம் இன்னது என்று குறிப்பிட்டிருந்தால், ஐயம் வந்தவர் எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியும். வழி அறுந்த நூலில் பிழையைத் திருத்த வழியே இல்லை. அடுத்து வருகிறவர் அதையும் சேர்த்தே பெயர்த்தெழுதுவார்.

கபசுரக் குடிநீரில் சேரும் நிலவேம்பை மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்று அறிந்து, அவர்களும் காய்ச்சலுக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆகையால் இந்த அறிவுக்கு ஒரே சொந்தக்காரர் இருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அறிவு பொதுவாயிருக்கலாம், அதைப் பதிந்து வைத்த ஏடு ஒருவருடையது. அந்த ஏடு எவ்வளவு அவசியம் என்பதை மஞ்சள் வழக்கு உலகத்துக்குக் காட்டியது. 1995 மார்ச் மாதம், புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு, மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த இந்திய வம்சாவளி ஆராய்ச்சியாளர் இருவர் கண்டுபிடிப்பாளர்களாக விண்ணப்பித்த காப்புரிமையை அமெரிக்கா வழங்கியது. நம் ஒவ்வொருவர் வீட்டு அடுப்பங்கரையும் அறிந்த விஷயம் அது. ஆயினும் அடுப்பங்கரை அறிவு அந்த அலுவலகத்தில் சாட்சியாக நிற்கவில்லை. இந்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் வடமொழியிலும் உருதுவிலும் ஹிந்தியிலும் இருந்து 32 ஆதாரங்களைத் திரட்டி, 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் சேர்த்து முறையிட்ட பின்பே, 1997இல் அந்தக் காப்புரிமை ரத்தாயிற்று. தேதியோடும் பெயரோடும் எழுதி வைத்தவர்கள்தாம் அன்று நம்மைக் காத்தார்கள். தேதியும் பெயரும் இல்லாமல் அச்சாகும் நம் சிறு புத்தகங்கள் ஆயிரம் இருந்தாலும் அப்படியொரு வழக்கில் செல்லுபடியாகா. அந்த அனுபவத்தின்பேரில் 2001இல் இந்தியா தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்னணு நூலகம், சித்த நூல்களையும் உட்கொண்டு, ஒவ்வொரு மருந்துக்கும் அது வந்த நூலைக் குறித்து வைக்கிறது. 2024 மே 24ஆம் தேதி ஜெனீவாவில் நிறைவேறிய உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உடன்படிக்கையோ, பாரம்பரிய அறிவை அடிப்படையாகக் கொண்டு காப்புரிமை கேட்கிறவர் அந்த அறிவு எந்தச் சமூகத்திடமிருந்து வந்தது என்று வெளியிட வேண்டும் என்கிறது. நன்னூல் நூலாசிரியனிடம் கேட்ட கேள்வியை, சர்வதேச சபை இப்போது வியாபாரியிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

சட்டத்தால் மட்டும் நம் சிறு புத்தகங்கள் சீர்படும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளர் ஆயுளுக்கும் அதன்பின் 50 ஆண்டுகளுக்கும் அவருடைய எழுத்தைக் காக்கிறது. மருந்து செய்யும் முறையையோ கருத்தையோ அது காப்பதில்லை. நூற்றாண்டுகள் பழைய செய்யுளுக்கு அங்கே பாதுகாப்பு ஏது? 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் வைத்தியம் செய்பவரைப் பதிவு செய்யச் சொல்கிறது. வைத்திய நூல் எழுதுபவரை அது தொடவில்லை. மருந்தைச் சீசாவில் அடைத்து விற்க வேண்டுமானால் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் சோதனைகளைக் கடந்து பதிவு எண் பெற வேண்டும். அதே மருந்தின் செய்முறையை ஆதாரமின்றி அச்சிட்டு விற்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. எழுத்துச் சுதந்திரத்தில் அரசு தலையிட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். பதிப்பாளரும் புத்தகக் கடைக்காரரும் வாசகரும் மனம் வைத்தால் போதும். மூலநூல், பதிப்பு, பக்கம் குறிக்காத வைத்தியப் புத்தகத்தை வாங்கி வைப்பதில்லை என்று பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பத்துக் கடைக்காரர்கள் தீர்மானித்தால், அடுத்த பதிப்பிலேயே அடிக்குறிப்பு வந்துவிடும்.

இதைவிட அவசரமான வேலையொன்று நம் வீடுகளிலேயே கிடக்கிறது. ரயில்வேயிலும் அரசாங்க உத்தியோகத்திலும் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிலும், கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் நாடி பார்த்து மருந்து கொடுத்தவர்களின் குடும்பங்களிலும், கைவாகடம் எனப்படும் குறிப்பேடுகள் டிரங்குப் பெட்டிகளில் கிடந்தன. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி, குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் போகும்போது முதலில் கழிபவை அந்தப் பெட்டிகள். ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை யாழ்ப்பாணத்தில் ஏடு தேடி, 1920களின் இறுதியில் தொடங்கிப் பரராசசேகரத்தைப் பகுதி பகுதியாகப் பதிப்பித்திராவிட்டால், பரராசசேகர மன்னர் பெயரால் வழங்கும் அந்த வைத்தியப் பெருநூலுக்கும் இதே கதி நேர்ந்திருக்கலாம். மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் ராம சுப்பையாவைக் கொண்டு இந்நாட்டுத் தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டது. அச்சேறாத வைத்தியக் குறிப்பேடுகளுக்கும் அப்படியொரு பட்டியல் வேண்டும். ஒவ்வொரு பிரதியின் முதற்பக்கத்திலும் எழுதியவர் பெயர், கற்றுக்கொடுத்தவர் பெயர், பார்த்தெழுதிய நூல் அல்லது ஏடு, தாமாகச் சேர்த்தவை எவை என்பன எழுதப்பட வேண்டும். சேர்த்ததற்கு வேறு மை பயன்படுத்தினால் இன்னும் நல்லது. வீட்டு ரகசியம் வெளியேறி வியாபாரியின் கைக்குப் போய்விடும் என்று அஞ்சுகிற குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய அச்சத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. அவர்கள் விரும்பினால் செய்முறைப் பக்கங்களைக் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு நூலகத்தில் ஒப்படைக்கலாம். எழுதியவர் பெயரும், எழுதிய ஆண்டும், ஒப்படைத்த தேதியும் மட்டும் பதிவேட்டில் இப்போதே ஏறிவிட வேண்டும்.